கிளம்பும் தேதி யாருக்காகக் குறிக்கப்படுகிறது?

1972 ஆகஸ்ட் 3. வெள்ளை மாளிகையில் அதிபர் ரிச்சர்ட் நிக்சனும் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நிக்சன் தன் அறையிலேயே பொருத்தி வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி சுழன்றுகொண்டிருந்தது. தென் வியட்நாம் எப்படியும் பிழைக்கப் போவதில்லை என்று தோன்றுவதாக நிக்சன் சொன்னார். கிஸ்ஸிஞ்சர் அதை மறுக்கவில்லை. ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு அமைந்தால் போதும், அதன்பின் வியட்நாமைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை என்பது அவர் பதிலின் சாரம். அதிபர் தேர்தலுக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. போரை எப்படி முடிப்பது என்பதைவிட, தோல்வி எந்த ஆண்டில் வெளியே தெரியலாம் என்பதே அந்த உரையாடலின் கவலை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஒலிநாடா வெளிவந்தது.

வெளிநாட்டுப் போரிலிருந்து படைகளைத் திருப்பி அழைக்கும் தலைவர்களைப் பற்றிய விவாதம் வழக்கமாக இரண்டு கேள்விகளில் சிக்கிக்கொள்ளும். திரும்பியது சரியா என்பது ஒன்று. கடைசி நாளில் மானம் போனதா என்பது மற்றொன்று. சைகோனில் மொட்டைமாடி ஏணியில் ஹெலிகாப்டருக்காக நின்ற வரிசையும், காபூல் ஓடுதளத்தில் விமானத்தோடு சேர்ந்து ஓடிய கூட்டமும் தீர்ப்பாகவே ஆகிவிட்டன. கண்ணில் படாமல் போவது நடுவிலுள்ள காலம். இனி ஜெயிக்க முடியாது, கிளம்ப வேண்டியதுதான் என்று ஆட்சி மேலிடத்துக்குத் தெரிந்துபோன நாளுக்கும், கடைசி வீரன் விமானம் ஏறிய நாளுக்கும் இடையே மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஓர் இடைவெளி இருக்கிறது. அது சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் எல்லாத் தரப்பிலும் உயிர்கள் விலையாகப் போகின்றன. அந்த விலை கொடுத்து எதை வாங்கினார் என்று கேட்டுத்தான் ஒரு தலைவரை எடைபோட வேண்டும். கடந்த அறுபது ஆண்டு வரலாற்றில் பெரும்பாலும் வாங்கப்பட்டது தலைவரின் உள்நாட்டுக் கௌரவம். படையை நம்பி நின்ற உள்ளூர்க்காரர்களுக்கு அதில் கொசுறுகூடக் கிடைக்கவில்லை.

நிக்சன் 1969 ஜனவரியில் பதவியேற்றபோது வியட்நாமில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். ராணுவ பலத்தால் வெல்ல முடியாத போர் இது என்பது முந்தைய ஜான்சன் அரசுக்கே 1968-இல் உறைத்துவிட்டது. 1969 ஜூனில் மிட்வே தீவில் தென் வியட்நாம் அதிபர் நுயென் வான் தியூவைச் சந்தித்த நிக்சன், முதல் தவணையாக 25,000 பேரைத் திருப்பி அழைப்பதாக அறிவித்தார். கடைசிப் போர்வீரர்கள் கிளம்பியது 1973 மார்ச் 29-இல். நிக்சன் பதவியேற்றதிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல். அமெரிக்கத் தரப்பில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட சாவுகள். அந்தப் போரில் மொத்தமாக இறந்த 58,000 சொச்சம் அமெரிக்கர்களில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வியட்நாமியர் சாவு இதைப்போலப் பல மடங்கு. 1971-லேயே முழுப் படையையும் எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது, அப்படிச் செய்து ஏதாவது விபரீதமானால் 1972 தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று கிஸ்ஸிஞ்சர் எச்சரித்ததை நிக்சனின் தலைமை உதவியாளர் ஹால்டமன் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தேதிக்குப் பின்னால் இருந்த கணக்கு அவ்வளவு வெளிப்படையானது.

சரி, அந்த நான்கு ஆண்டுகளில் தியூவுக்கு என்ன கிடைத்தது? ஆயுதங்கள் குவிந்தன என்பது உண்மை. ஆனால் அமெரிக்கா கட்டிக்கொடுத்த படை அமெரிக்க பாணிப் படை. எதற்கெடுத்தாலும் ஹெலிகாப்டர், எங்கே போனாலும் பீரங்கிக் குண்டுமழை, அதற்கேற்ற எரிபொருள், உதிரிபாகம். பணக்கார நாட்டின் போர்முறையை ஏழை நாட்டின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1973 இறுதியில் எண்ணெய் விலை எகிறியதும், அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவ உதவியை 70 கோடி டாலராகச் சுருக்கியதும் விமானங்கள் தரையில் நின்றன, குண்டுகள் எண்ணிக் கொடுக்கப்பட்டன. அரசியல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1972 அக்டோபரில் கிஸ்ஸிஞ்சரும் வட வியட்நாமின் லே டக் தோவும் பாரிஸில் உடன்பாட்டை முடித்துவிட்ட பிறகுதான் அதன் ஆங்கிலப் பிரதி சைகோனுக்கு வந்தது. வட வியட்நாமியப் படைகள் தெற்கில் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்பது அதன் உயிர்நாடியான ஷரத்து. தன் நாட்டின் தலையெழுத்தை அடுத்தவர் மொழியில் படிக்க நேர்ந்த தியூ 69 திருத்தங்கள் கேட்டார். கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹனோய்மீது குண்டுமழை பொழிந்த பிறகு 1973 ஜனவரி 27-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து அப்படியேதான் இருந்தது. தியூ ஒப்பாவிட்டாலும் கையெழுத்திடுவோம் என்று மிரட்டிய அதே நிக்சன், வடக்கு மீறினால் முழு பலத்தோடு பதிலடி தருவோம் என்று ரகசியக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்த வாக்குறுதி நாடாளுமன்றத்துக்குத் தெரியாது. வாட்டர்கேட்டில் மூழ்கிக்கொண்டிருந்தவரிடம் அதைக் காப்பாற்றும் வலுவும் இல்லை. 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் விழுந்தது.

எதிர்ப்பக்கம் நின்ற சோவியத் யூனியன் கிட்டத்தட்ட இதே பரீட்சையை எழுதியது. சற்றே நல்ல மதிப்பெண் வாங்கியது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1985 மார்ச்சில் பொதுச்செயலாளரான மிகயீல் கோர்பச்சேவ், அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேறும் எண்ணத்தைப் பொலிட்பீரோவில் வெளிப்படுத்திவிட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எழுதிய கடிதங்களை அந்தக் கூட்டத்தில் வாசித்தார். 1986 நவம்பரில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் என்று கெடு குறிக்கப்பட்டது. கடைசித் தளபதி போரிஸ் குரோமோவ் அமு தரியா நதியின் பாலத்தைக் கடந்தது 1989 பிப்ரவரி 15-இல். அந்த இழுபறியில் சோவியத் தரப்பில் மட்டும் 3,000-க்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். ஆகவே கோர்பச்சேவை வாழ்த்திப் பாட ஒன்றுமில்லை. ஆனால் அவர் கொடுத்த விலைக்கு ஒரு சரக்கு கிடைத்தது. செயலற்றுப்போன ஆப்கன் ஆட்சித் தலைவர் பப்ரக் கர்மாலை நீக்கிவிட்டு நஜிபுல்லாவைக் கொண்டுவந்தார்கள். நஜிபுல்லா தேசிய சமரசக் கொள்கையை அறிவித்தார், 1987-இல் புதிய அரசமைப்பைக் கொண்டுவந்தார், கட்சியின் சிவப்பைத் தணித்து இஸ்லாமிய அடையாளத்தைச் சேர்த்துக்கொண்டார், எதிர்த்து நின்ற உள்ளூர்ப் படைக்குழுக்களுக்குப் பணம் கொடுத்துத் தன் பக்கம் இழுத்தார். கிளம்பும் படை முகாம்களையும் கிடங்குகளையும் பட்டியல் போட்டு ஆப்கன் படையிடம் ஒப்படைத்தது. அதன் பிறகும் தானியமும் டீசலும் குண்டுகளும் விமானத்திலும் லாரியிலும் வந்துகொண்டே இருந்தன.

நஜிபுல்லா அதிக நாள் தாங்கமாட்டார் என்பதுதான் அன்று மேற்கத்திய உளவு நிறுவனங்களின் பொதுவான கணிப்பு. 1989 மார்ச்சில், அரசை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்கள் ஜலாலாபாத்தைத் தாக்கினார்கள், நகரம் விழவில்லை. 1990 மார்ச்சில் அவருடைய பாதுகாப்பு அமைச்சரே ஆட்சிக் கவிழ்ப்பு செய்யப் பார்த்தார், தோற்றார். கடைசி சோவியத் வீரன் போய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த அரசு நின்றது. சொல்லப்போனால் அதைத் தாங்கிய சோவியத் யூனியனே அதற்கு முன்னால் இல்லாமல் போயிற்று. 1991 செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத்தும் அடுத்த ஜனவரி 1 முதல் இரு தரப்புக்கும் ஆயுத உதவியை நிறுத்துவதென்று உடன்பட்டன. எண்ணெயும் சம்பளமும் நின்றதும், கூலிக்கு நின்ற தோஸ்தும் போன்ற படைத்தலைவர்கள் பக்கம் மாறினார்கள். 1992 ஏப்ரலில் நஜிபுல்லா ஐ.நா. அலுவலகத்தில் அடைக்கலம் புகுந்தார். அவர் ஆட்சி நல்லாட்சி என்று இதற்குப் பொருளல்ல. ரகசியக் காவல் துறையின் தலைவராக இருந்தவர் அவர். சிறைகளில் நடந்தவற்றுக்கு அவரும் பொறுப்பு. கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னால், 1989 ஜனவரியில், சலாங் கணவாய்ப் பக்கத்துக் கிராமங்கள்மீது சோவியத் படை நடத்திய குண்டுவீச்சும் மன்னிக்கக்கூடியதல்ல. வழியைத் தடுக்கமாட்டோம் என்று முஜாஹிதீன் தளபதி அகமது ஷா மசூதின் ஆட்களோடு இருந்த புரிதலை மீறி, களத் தளபதிகளே வேண்டாம் என்று தயங்கியதை, மாஸ்கோ வற்புறுத்திச் செய்ய வைத்தது. இருந்தும், படை போன மறுநாளே அரசு பொத்தென்று விழுவது இயற்கை விதி எதுவுமில்லை என்பதற்கு அந்த மூன்றாண்டுகளே சாட்சி.

இதே மண்ணில் முப்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கா வேறுவிதமாக நடந்துகொண்டது. 2020 பிப்ரவரி 29-இல் தோஹாவில் டிரம்ப் அரசின் தூதர் ஜல்மே கலீல்சாதும் தாலிபானின் முல்லா பரதரும் கையெழுத்திட்டார்கள். 14 மாதங்களில் வெளிநாட்டுப் படைகள் வெளியேறும் என்பது உடன்பாடு. காபூல் அரசு அந்த அறையில் இல்லை. அந்த அரசின் சிறைகளில் இருந்த 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று மட்டும் அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டுச் சாவியைப் பேரம் பேசியதுபோலத்தான் இது. போர்வீரர்கள் மட்டுமல்லாமல் பயிற்சியாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், துணைச் சேவை ஆட்கள் எல்லோருமே வெளியேறுவார்கள் என்றொரு வாசகமும் உள்ளே இருந்தது. செய்திகளில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்த வாசகம்தான் பின்னால் உயிரை எடுத்தது.

ஆப்கன் விமானப்படையின் கதையைப் பார்த்தால் புரியும். ஆப்கன் விமானிகளும் மெக்கானிக்குகளும் பல்லாண்டு பழகியிருந்தது ரஷ்யத் தயாரிப்பான எம்.ஐ.-17 ஹெலிகாப்டர். அதன் பராமரிப்பில் பெரும்பகுதியை அவர்களே செய்துகொள்வார்கள். ரஷ்யாவிடம் வாங்கக் கூடாது என்று வாஷிங்டனில் அழுத்தம் வந்ததால், அவற்றுக்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். எம்.ஐ.-17 சுமக்கும் பாரத்தை பிளாக் ஹாக்கால் சுமக்க முடியாது; அந்நாட்டின் உயரமான மலைப்பகுதிகளுக்கு அது அவ்வளவாகத் தோதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பராமரிப்பு கிட்டத்தட்ட முழுக்க வெளிநாட்டு ஒப்பந்த மெக்கானிக்குகள் கையில் இருந்தது. உள்ளூர் ஆட்களைப் பழக்கி எடுக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2021 கோடையில் ஒப்பந்தக்காரர்கள் போனதும், வேறு நாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் ஒருவர் வழிசொல்ல இங்கே ஒருவர் ஸ்பானர் பிடித்து எஞ்சினைச் சரிசெய்யும் நிலைமை வந்தது. ஹெலிகாப்டர் பறக்காவிட்டால் தூரத்துக் காவல் சாவடிகளுக்குச் சோறும் தோட்டாவும் போகாது. காயம்பட்டவன் ஊர் திரும்பமாட்டான். அப்படிப்பட்ட சாவடிகள் ஒவ்வொன்றாகத் தாலிபானிடம் சமரசம் பேசிக் கலைந்தன. கோழைத்தனம் என்று அதைச் சொல்வது, இருபது ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்ட ஆப்கன் வீரர்களும் போலீசாரும் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கை மறந்த பேச்சு. அந்தப் படை சரிந்ததற்குத் தலையாய காரணம் தோஹா ஒப்பந்தத்தின் வழியாக வீரர்களையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் விலக்கிக்கொண்டதே என்று அமெரிக்காவின் ஆப்கன் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளரே 2022-இல் அறிக்கை கொடுத்தார்.

அந்தப் பதினான்கு மாதங்கள் எப்படிப் போயின? தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால், கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று டிரம்ப் ட்வீட் போட்டார். 2021 ஏப்ரல் 14-இல் ஜோ பைடன் முதலில் குறித்த நாள் செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் இருபதாம் நினைவு நாள். இரண்டுமே அமெரிக்க வரவேற்பறைக்காகக் குறிக்கப்பட்ட நாட்கள். ஆப்கானிஸ்தானில் கோடைதான் சண்டைப் பருவம், பனி விழுந்தால் மலைவழிகள் அடைபடும் என்ற சாதாரண விஷயம்கூட அந்த நாள்காட்டியில் இல்லை. இதற்கிடையே அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஓட்டுநராகவும் வேலை செய்தவர்களுக்கான சிறப்பு விசா வரிசையில் சுமார் 18,000 விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அமெரிக்கச் சட்டப்படி அரசுத் தரப்பு வேலையை 9 மாதத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2020 மார்ச் முதல் கிட்டத்தட்ட ஓராண்டு காலம் காபூல் தூதரகத்தில் நேர்காணலே நடக்கவில்லை. கொரோனா ஒரு காரணம்தான். ஆனால் அதே கொரோனா காலத்தில் படைக்குறைப்பு நிற்கவில்லை. 9 மாத வேலைக்கு 14 மாத அவகாசம் இருந்தது என்ற எளிய கூட்டல் கழித்தலை வைத்துப் பார்த்தால், 2021 ஆகஸ்டில் விமான நிலையக் கழிவுநீர்க் கால்வாயில் இடுப்பளவு நீரில் காகிதங்களை உயர்த்திப் பிடித்து நின்றவர்களில் பலர் அங்கே நின்றிருக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கூட்டத்தில்தான் 26-ஆம் தேதி குண்டு வெடித்தது. 13 அமெரிக்க வீரர்களும் சுமார் 170 ஆப்கானியர்களும் செத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடைவெளிக்கு உதாரணம் தேட காபூல்வரை போக வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை, அந்த அக்டோபரிலேயே புலிகளோடு போரில் இறங்கியது. 1989 ஜூன் 1-இல் அதிபர் பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று பொதுமேடையில் கெடு வைத்தார். அழைத்த நாடே போகச் சொல்லிவிட்டது. யாருக்காகப் போனதோ அந்த மக்களில் பெரும்பாலோர் வெறுக்கிறார்கள். எதிர்த்துப் போரிட வேண்டிய புலிகளோடு கொழும்பு அரசு ஹோட்டலில் வைத்துப் பேச்சு நடத்துகிறது. இனி இருப்பதில் பொருளில்லை என்பது டெல்லிக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் கெடுவுக்குப் பணிந்த பிரதமர் என்ற பெயரோடு ராஜீவ் காந்தி அந்த ஆண்டுத் தேர்தலைச் சந்திக்கத் தயாராக இல்லை. செப்டம்பரில் படை விலகலுக்கு ஓர் உடன்பாடு வந்தது. டிசம்பரில் பிரதமரான வி.பி.சிங்குக்கு இந்தப் போரில் காப்பாற்ற வேண்டிய சொந்தக் கௌரவம் எதுவும் இல்லாததால் வேலை சுலபமாயிற்று. 1990 மார்ச் 24-இல் கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சுமார் 1,200 இந்திய வீரர்களின் உயிர் போயிருந்தது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை.

அந்த ஒன்பது பத்து மாதங்களில் வடகிழக்கில் செய்யப்பட்டதுதான் இந்தக் கதையிலேயே கசப்பான பகுதி. வரதராஜப் பெருமாள் தலைமையில் இந்தியா கைதூக்கி நிறுத்திய மாகாண அரசுக்கு நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒப்பந்தத்தில் சொன்ன அதிகாரப் பகிர்வைக் கொழும்பிடம் வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த அரசுக்கு ஒரு படையை வாங்கிக் கொடுத்தார்கள். தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில், ஈ.பி.ஆர்.எல்.எஃப். உள்ளிட்ட இயக்கங்கள் தெருவிலும் பேருந்திலும் பையன்களைப் பிடித்துப் போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் உண்டு. வயசுப் பையன்களைத் தாய்மார் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள்; வசதியிருந்தவர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். சில வாரப் பயிற்சியும் ஒரு துப்பாக்கியும் கொடுத்து நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளின் முகாம்களை, இந்தியப் படை விலக விலகப் புலிகள் ஒவ்வொன்றாகத் தாக்கினார்கள். புலிகளுக்கு ஆயுதம் கொடுத்து உதவியது பிரேமதாசாவின் அரசு. செத்தவர்களும் சரணடைந்தவர்களும் போக மீதிப்பேர் சிதறினார்கள். 1990 மார்ச் 1-இல் பெருமாள் தனி ஈழப் பிரகடனம் ஒன்றைச் செய்தார். சில நாட்களில் இந்தியாவுக்குத் தப்பிவந்தார். அவருடைய ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் பொதுச்செயலாளர் பத்மநாபா அந்த ஜூன் 19-இல் சென்னைக் கோடம்பாக்கத்திலேயே தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படை போக வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. விருப்பமில்லாத பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைத் திணித்துவிட்டுப் போயிருக்க வேண்டாம்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாமே என்பது. தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் இது தவறாமல் வரும். ஆனால் அந்தக் கொஞ்ச காலம் ஒவ்வொரு ஆண்டும் கேட்கப்பட்டது. ஆப்கானிஸ்தானில் 2009-இல் ஒபாமா 30,000 பேரைக் கூடுதலாக அனுப்பினார், 2017-இல் டிரம்ப் மறுபடி சில ஆயிரம் சேர்த்தார், தாலிபான் குறையவில்லை. போகும் முடிவு பெரும்பாலும் சரியாகவும் தாமதமாகவும் எடுக்கப்பட்டது என்பதே என் கருத்து. இன்னொன்றையும் கவனிக்கலாம். படையை அனுப்பியவரே திருப்பி அழைப்பது அபூர்வம். லெபனானுக்கு அனுப்பிய வீரர்களை ரீகனே 1984-இல் கப்பலுக்குத் திருப்பினார். முந்தைய அக்டோபரில் பெய்ரூட் குண்டுவெடிப்பு 241 பேரைப் பலிகொண்டிருந்தது. மற்றபடி நிக்சன், கோர்பச்சேவ், வி.பி.சிங், ஈராக்கில் ஒபாமா, பைடன் எல்லோருமே வேறொருவர் தொடங்கிவைத்ததை முடித்தவர்கள். அதனால்தான் அவர்கள்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. அவர்களுக்கென்று மிஞ்சிய ஒரே பொறுப்பு அந்த இடைக்காலம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கைவிடப்பட்ட கூட்டாளிகள் யோக்கியமானவர்களா? தியூவின் ஆட்சியில் ஊழல். ஆப்கன் அதிபர் அஷ்ரப் கனியின் படைக் கணக்கில் சம்பளம் மட்டும் வாங்கும் பேய் வீரர்கள். எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் உளுத்த மரம் விழத்தானே செய்யும்? இதில் பாதி உண்மை இருக்கிறது. ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் தேதியை 2008-லேயே புஷ் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒபாமா காலத்தில் மூன்று ஆண்டுகள் அவகாசம், பணம், ஆயுதம் எல்லாம் இருந்தன. 2011 டிசம்பர் 18-இல் கடைசி அமெரிக்க வண்டித்தொடர் குவைத்துக்குள் போனது. மறுநாளே பிரதமர் மாலிகியின் அரசு, சன்னி பிரிவைச் சேர்ந்த துணை அதிபர் ஹாஷிமிமீது கைது ஆணை பிறப்பித்தது. 2014 ஜூனில் மோசுலில் ஐ.எஸ். படைக்கு முன்னால் ராணுவம் ஓடியது. மாலிகியின் மதப்பிரிவு வெறுப்பு அமெரிக்கா தயாரித்ததல்ல என்பது சரிதான். ஆனால் அல்கொய்தாவுக்கு எதிராக அமெரிக்கச் சம்பளத்தில் நின்ற சுமார் ஒரு லட்சம் சன்னி உள்ளூர்க் காவலர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைப் பாதுகாப்புப் படையில் சேர்ப்போம், மற்றவர்களுக்கு வேறு வேலை தருவோம் என்பது பாக்தாத் கொடுத்த வாக்கு. அது அரைகுறையாகத்தான் நிறைவேறியது. அந்த மூன்றாண்டில் வாஷிங்டன் முழு மூச்சாகப் பேசியது, தங்கக்கூடிய அமெரிக்க வீரர்களுக்கு ஈராக் நீதிமன்றங்களிடமிருந்து சட்ட விலக்கு உண்டா என்பதைப் பற்றி. மரம் உளுத்திருந்ததோ இல்லையோ, முட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் யாரும் கைவைத்துப் பார்க்கவில்லை.

முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் பீதி கிளம்பி அரசு அதனாலேயே விழும் என்பது மூன்றாவது வாதம். 2021 ஜூனில் வெள்ளை மாளிகைக்கு வந்த கனியே, கூட்டம் கூட்டமாக ஆட்களை வெளியேற்றாதீர்கள் என்று பைடனைக் கேட்டுக்கொண்டார். தள்ளிவிட முடியாத வாதம் இது. ஆனால் பீதியைத் தவிர்க்க விரும்பியவர்கள் பக்ராமில் செய்தது என்ன? இருபது ஆண்டு தலைமைத் தளமாக இருந்த அந்த விமானத் தளத்தை ஜூலை முதல் வாரத்தில் ஓர் இரவில் காலிசெய்தார்கள். போய்விட்டார்கள் என்பதே தனக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது என்று அங்கே புதிதாகப் பொறுப்பேற்ற ஆப்கன் தளபதி செய்தியாளர்களிடம் சொன்னார். பொதுவாகத் தகவல் சொல்லியிருந்தோம் என்றது அமெரிக்கத் தரப்பு. மின்சாரம் போன இருட்டில் உள்ளூர்க் கொள்ளையர்கள் புகுந்து கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஓர் இரவு நாடு முழுதும் சாவடிகளில் நின்றவர்களுக்குச் சொன்ன செய்தியைவிடப் பெரிய பீதியை, தூதரக அறையில் அமைதியாக நடந்திருக்க வேண்டிய விசா நேர்காணல்கள் கிளப்பியிருக்காது.

கடைசி மறுப்பு, அரசியல்வாதிகள் மனத்துக்குள் வைத்திருந்து மேடையில் சொல்லாதது. ஒரு தலைவரின் கடமை தனக்கு ஓட்டுப்போட்டவர்களுக்கு. வேற்று நாட்டுக்காரர்களுக்காக இன்னொரு மாதம் ஏன் தன் வீரர்களைப் பணயம் வைக்க வேண்டும்? உள்நாட்டு அரசியலுக்கும் அவகாசம் தேவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அல்ஜீரியாவிலிருந்து பிரான்சை வெளியே கொண்டுவர ஷார்ல் து கோல் நான்காண்டு எடுத்துக்கொண்டார். பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் இருந்த மண் அது. கைவிடுகிறார் என்று தெரிந்ததும் 1961 ஏப்ரலில் நான்கு தளபதிகள் அல்ஜியர்ஸில் புரட்சியே செய்தார்கள். து கோல் 1959-லேயே சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாகப் பேசி, 1961-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, எதிரியான எஃப்.எல்.என். அமைப்போடே நேருக்கு நேர் உட்கார்ந்து 1962 மார்ச்சில் எவியான் உடன்பாட்டை முடித்து, அதையும் வாக்கெடுப்புக்கு விட்டார். தன் மக்களின் மனத்தை மாற்றுவதற்குச் செலவிட்ட காலத்தைப் பழிக்க முடியாது. ஆனால் அவருமே ஒரு கணக்கைத் தீர்க்காமல் விட்டார். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போரிட்ட ஹார்க்கிகள் என்ற அல்ஜீரிய முஸ்லிம் துணைவீரர்களை அரசுத் திட்டத்துக்கு வெளியே பிரான்சுக்கு அழைத்துவரக் கூடாது என்று 1962 மே மாதம் அவருடைய அமைச்சர் லூயி ஷோக்ஸ் உத்தரவு போட்டார். உத்தரவை மீறிச் சில அதிகாரிகள் தங்கள் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். பின்னால் விடப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் பழிவாங்கிக் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்தவர்களுக்கு முள்வேலி போட்ட முகாம்கள். அந்த வீரர்களை அங்கிருந்து ஏற்றிவர து கோல் ஒரு மாதம்கூடக் கூடுதலாகப் போரிட வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் சண்டை நின்றுவிட்டது, சுதந்திரம் ஜூலையில் வந்தது, கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன.

ஹார்க்கிகளிடம் பிரான்சின் சார்பில் அதிபர் மக்ரோன் மன்னிப்புக் கேட்டது 2021 செப்டம்பர் 20-இல். காபூல் விழுந்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. நஷ்டஈட்டுக்கான சட்டம் 2022 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 20-இல் மறுபடி பதவியேற்ற டிரம்ப், முதல் நாளே அகதிகள் சேர்க்கையை நிறுத்திவைத்தார். எல்லாச் சோதனைகளும் முடிந்து பயண நாளும் உறுதியாகி பாகிஸ்தானில் காத்திருந்த ஆப்கன் குடும்பங்களின் விமானங்கள் அந்த வாரமே ரத்தாயின. அந்தக் குடும்பங்களை ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று பாகிஸ்தான் அரசு அதன்பின் எச்சரித்தது.